அப்பாவுக்குப் பிடித்த மீன்

தம்பி,

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொத்தானை அமத்திப் பிடித்தால் என் மூச்சுச் சத்தமும் கேத்தில் தண்ணீர் கொதிக்கிற சத்தமும்தான் பதிகிறது, கதை வரமாட்டேன் என்கிறது. அதனால் காகிதத்தை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்துவிட்டேன். இதைத் தமிழில்தான் எழுதவேண்டும். ஏன் என்று போகப் போக உனக்கே விளங்கும். உன்னுடைய வாசிப்பு வேகம் எனக்குத் தெரியும், எழுத்துக்கூட்டி ஆறுதலாக வாசி. ரயிலில் நின்றுகொண்டு வாசிக்காதே. அக்காவிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லவும் வேண்டாம், அவள் இடையில் நிறுத்தி நிறுத்தித் தன் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கிவிடுவாள்.

அடுத்த மாதம் அப்பாவின் ஆட்டைத் திவசம், முதலாம் வருடம். ஐயரை ஒழுங்குபண்ணியாயிற்று. நீ வருவாய், ஐயர் சொல்கிறபடி எள்ளும் தண்ணீரும் விடுவாய், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு “வேலை இருக்கம்மா” என்று போய்விடுவாய். இந்த ஒரு வருடமாக நீ இந்த இல்ஃபோர்ட் வீட்டுக்கு வருவதெல்லாம் அப்படித்தானே. அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன கிழமை அக்கா வந்தாள். கராஜில் கிடக்கிற அப்பாவின் தூண்டில்களையும் வலையையும் மடக்குக் கதிரையையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாயாம். மீன்பிடிக் கிளப்பிலிருந்து விலகிவிட்டாயாம். இனிக் குளத்தடிப் பக்கமே போவதில்லையாம். அவள் வாயைக் கிண்டிக் கேட்டபோதுதான் உன் பக்கத்துக் கதை எனக்குத் தெரியவந்தது. அப்பாவுக்கு எட்டாம் நாள் படைத்த எட்டுச்செலவு அன்று நான் உன்னைப் பார்த்து, “அப்பா உன்னை மன்னிக்கமாட்டார்” என்று சொன்னேன். நீ அதை நம்பிவிட்டாய். ஒரு வருடமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறாய். அந்த ஒரு வசனத்தை உன் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன், எனக்கு அவரைப் பற்றிக் கதைக்க இப்போது ஆளில்லை. சில பெண்களுக்குப் புருஷனின் குடி சக்களத்தி, சில பெண்களுக்கு அவனுடைய சீட்டு, எனக்கு வாய்த்த சக்களத்தி ஒரு குளம். செப்டெம்பர் முடிந்து மரங்கள் நிறம் மாறத் தொடங்கினால் அந்த மனிதரைக் கையில் பிடிக்கமுடியாது. பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்து வந்தவர் படுக்காமல் கராஜுக்குள் போய்க் கயிறு முறுக்கிக்கொண்டு இருப்பார். இலை கொட்டினால் தண்ணீருக்குள் பாசி அடங்கும், தண்ணீர் தெளியும், அப்போதுதான் பைக் கரைக்கு வரும் என்பார். பைக் என்றால் மீன். தாராவின், அதுதான் வாத்தின், சொண்டு மாதிரி நீண்ட வாயும் உள்ளே நாய்ப்பல்லுமாக ஒரு மீன். ஊரிலிருந்து போன் எடுத்த என் தங்கச்சியிடம், “இண்டைக்கு ஒரு பெரிய பைக் பிடிச்சனான்” என்று பெருமையாகச் சொல்ல, அவள் என்னிடம், “அத்தான் இந்த வயசில பொலிசில சேந்திட்டாரோ?” என்று கேட்டாள். அன்றிலிருந்து நான் அந்த மீனைத் தாராவாயன் என்றுதான் சொல்வது.

இதில் கூத்து என்னவென்றால், தாராவாயனின் காலமும் எங்கள் விரதகாலமும் ஒன்று. நவராத்திரி, கௌரிக்காப்பு, கந்தசஷ்டி என்று ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றது வரும். மீனோ இறைச்சியோ, வீட்டுக்குள் மச்சம் நுழையக்கூடாது. அந்த மீனுக்கோ இரையாகச் சூடைமீன் வைக்கவேண்டும். ஒரு நவராத்திரிக்குப் பட்டாணி அவிக்கலாம் என்று பிரீஸரில் இருந்த பையை எடுத்துத் திறந்தால், உள்ளே சூடைமீன் வரிசையாகக் கிடந்து என்னை முழித்துப் பார்க்கிறது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அப்பா கொஞ்சமும் அசையவில்லை. “இஞ்சேரும், அது மச்சமில்லை, அது இரை” என்றார். பிடித்த மீனைத் திரும்ப விடத்தானே போகிறேன், விரதமும் முறியாது, மீனும் சாகாது, உமக்கென்ன நட்டம் என்று என்னையே திருப்பிக் கேட்டார். சஷ்டிக்கு ஆர்ச்வே முருகன் கோயிலில் நான் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது அவர் சேற்றுச் சப்பாத்தோடு காருக்குள் இருந்தபடி கும்பிடுவார். முருகன் அதை ஏற்றுக்கொண்டாரோ தெரியாது, நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

அந்தப் பைத்தியம் உனக்கும் தொற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இலக்கணம் படிப்பித்துக்கொண்டிருக்க, என் வகுப்பில் என் பிள்ளையின் கதிரை வெறுமையாகக் கிடக்கும். காலையில் தலையிடி என்று படுத்திருந்தவன் பின்னேரம் சேறும் சிரிப்புமாக அப்பாவுக்குப் பின்னால் வந்து நிற்பாய். நான் கத்துவேன். “ரெண்டு சனி போனால் என்ன, தமிழ் எங்கை ஓடிப்போகப்போகுது?” என்பார் அப்பா. நீ வேலைக்குப் போய் வேறு வீடு பார்த்துக்கொண்டு போன பிறகும் இலையுதிர்காலத்து ஞாயிறுகள் உங்கள் இருவருக்கும் உரியவை. இருவரும் அங்கே என்ன கதைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒன்றும் கதைப்பதில்லை என்று அவர் சொல்வார், நீயும் அதையே சொல்வாய். எனக்கு அது விளங்கவேயில்லை, காரணமில்லாத ஒரு பொறாமைகூட இருந்தது.

கடைசியாக நீங்கள் போன தடவை நானும் வந்தேன். அவருக்கு நெஞ்சு ஏலாமல் போய்விட்டது, குனிந்தால் எழும்பமுடியாது. பிளாஸ்கும் இடியப்பப் பெட்டியுமாக நான் காருக்குள் இருந்து புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். லீ ஆற்றுப் பக்கத்து அந்தக் குளத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததும் அன்றுதான். மீன் கொழுவியதும் அவர் கொஞ்சம் இழுத்துவிட்டுத் தூண்டிலை உன் கையில் தந்தார். நீ வலையில் ஏந்தி, ஈரப் பாயில் கிடத்தி, அந்தப் பயங்கரமான வாய்க்குள் இடுக்கியை விட்டு முள்ளைக் கழற்றினாய். பிறகு முழங்காலில் இருந்து, முழங்கை வரை குளிர்தண்ணீருக்குள் விட்டு, மீனை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். “தள்ளிவிடாதை, களைச்சிருக்கும். அதுவாப் போகட்டும்” என்றார் அப்பா. நீ அசையவேயில்லை. அது வாலை ஆட்டிக்கொண்டு போவதற்குள் உன் கை விறைத்திருக்கும். நான் கண்ணாடியில் படிந்த பனிப்புகாரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் மீனைத்தான் பார்த்திருப்பார்கள், அப்பா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, “இவன் நல்ல கைக்காரன்” என்று என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், அவர் அப்படிச் சொல்கிற ஆளில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, பிறகு எல்லாம் முடிந்துவிட்டது. இந்த ஊரில் எரிக்கவும் நாள் கிடைக்காமல் இழுபடும் என்பதால், எரித்த நாளிலிருந்துதான் எட்டுச்செலவைக் கணக்கெடுத்தோம். அன்று இறந்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைப்போம், மச்சமும் வைப்போம் என்பது உனக்கு அப்போதுதான் தெரியும். எட்டுக்கு முதல் நாளே வீடு நிறையச் சனம். மாமி ஒரு பக்கம் நண்டு, றால் என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் மேல்மாடிப் படியில் இருந்து உனக்குப் போன் எடுத்தேன். அழுது அழுது மூக்கடைத்த குரல் எனக்கு, கீழே இரைச்சல். “தம்பி, எட்டுக்கு வைக்க அப்பாவுக்குப் பிடிச்ச மீன் வேணும். நாளைக்கு எப்படியும் கொண்டந்திடு” என்றேன். அவருக்கு விளைமீன் என்றால் உயிர், அப்டன் பார்க் மீன்கடையில் நல்லதாக ஒன்று பார்த்து வாங்கி வருவாய் என்பது என் நினைப்பு. நீ, “ஷுவர் தானே அம்மா?” என்று கேட்டாய். மீன் வாங்க இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வந்தது. “ஓம், சொன்னதைச் செய்” என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் நீ வாசலில் வந்து நின்றாய். தலையிலிருந்து கால் வரை மழைத் தண்ணீர். கையில் அப்பாவின் நீலத் துவாயில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல. துவாய் விலகியது, தாராவாயன். கம்பளத்தில் இரத்தம் சொட்டியது. அப்போதுதான் உன் சித்தப்பா, அந்த மனிதருக்கு எங்கே வாயை மூடவேண்டும் என்று கடவுள் சொல்லிக்கொடுக்கவில்லை, “பெடியன் பைக்கில வந்தவனோ, பைக்கோட வந்தவனோ?” என்று கேட்டார். பின்னால் நின்ற சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் என் தலைக்குள் போய் அடித்தது. “ஆரடா இதை உன்னட்டைக் கேட்டது?” என்று கத்தினேன். “அந்த மனிசன் உயிரோட விட்டதை நீ சாக்காட்டிக் கொண்டந்து நிக்கிறியே. ஒரு மீனைத்தன்னும் சாக்காட்டியிருப்பாரா? அப்பா உன்னை மன்னிக்கமாட்டார்” என்றேன். என்னை நேராகப் பார்த்தாய். பிறகு “ஓகே அம்மா” என்று சொல்லி, மீனோடு பக்கவழியால் பின்வளவுக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் உன் கார் போகிற சத்தம் கேட்டது.

அந்தப் பார்வையை நான் ஒரு வருடமாகத் திமிர் என்று நினைத்திருந்தேன். போன கிழமை அக்கா சொன்னாள்: “அம்மா, நீங்கள்தானே கேட்டனீங்கள்? ‘அப்பா பிடிச்ச மீன்’ வேணும் எண்டு சொன்னனீங்களாம். அவன் விடிய வெளிக்கிட்டு, மழைக்குள்ள நிண்டு பிடிச்சவன். அதை அடிச்சுச் சாக்காட்ட மனமில்லாமல் கரையில இருந்து அழுதவனாம். அம்மா கேட்டிட்டா எண்டுதான் செய்தவன்.”

இப்போது விளங்குகிறதா, இதை ஏன் தமிழில் எழுதினேன் என்று. ஆங்கிலத்தில் விரும்புவதற்கு ஒரு சொல், கையால் பிடிப்பதற்கு வேறு சொல். இந்த வீட்டில் பேசியது ஆங்கிலமாக இருந்திருந்தால் அந்த மீன் இன்றைக்கும் குளத்தில் இருக்கும். எங்களுக்கு இரண்டும் பிடித்ததுதான். அப்பாவுக்குப் பிடித்த மீன், அப்பா பிடித்த மீன். நடுவில் ஒரு ‘கு’. நான்காம் வேற்றுமை. எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதி எழுதிப் படிப்பித்திருப்பேன், என் சொந்தப் பிள்ளை அந்தச் சனிக்கிழமை குளத்தடியில் நின்றிருப்பான். சிரிப்பும் வருகிறது, சிரித்து முடிக்கும்போது அழுகையாகிவிடுகிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, ராசா. மூக்கடைத்த குரலில் அந்த ‘கு’ என் வாயை விட்டே வெளியே வராமல் போயிருக்கலாம். நீ சரிதானா என்று திரும்பவும் கேட்டாய், சொன்னதைச் செய் என்று நான்தான் சொன்னேன். உலகத்தில் உனக்கு மிகவும் செய்ய ஏலாத ஒரு வேலையை அம்மா கேட்டாள் என்று செய்துவிட்டு வந்தாய், அதே அம்மா சனத்துக்கு முன்னால் யார் கேட்டது என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்ததில் திமிர் இல்லை. அந்தக் கேள்விக்கு அதுதான் பதில்.

உனக்கு ஒரு புத்தி சொல்லவேண்டும், தாய் என்று இருந்துவிட்டால் சொல்லாமல் இருக்கமுடியாது. இனிமேல் யாராவது, அது நானாகவே இருந்தாலும், அநியாயமாக உன்னைக் குற்றம் சொன்னால் வாயைத் திறந்து கேள். “நீங்கள்தானே சொன்னனீங்கள்” என்று நீ அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே விழுந்து அழுதிருப்பேன், சித்தப்பாவின் பகிடிக்குச் சிரித்தவர்களின் சிரிப்பும் நின்றிருக்கும். பேசாமல் போவது பெருந்தன்மை என்று நினைக்காதே. அது அப்பாவின் குணம். அவர் தன் நெஞ்சுநோவைக்கூட எனக்குப் பிந்தித்தான் சொன்னார், பலன் என்ன என்று இருவருக்கும் தெரியும். அவரிடமிருந்து தூண்டிலை எடுத்துக்கொள், அந்தக் குணத்தை எடுக்காதே.

ஒரு மீனையும் கொல்லாதவர் என்று நான் சபையில் சொன்னேனே, அதுவும் பொய். லண்டனுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில், ஒரே அறையில் இருந்த பெடியங்களோடு சேர்ந்து கால்வாயில் ஒரு தாராவாயனைப் பிடித்து, அடித்து, புளி விட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். கையில் வேலையில்லை, ஊரில் சண்டை, தாய் தகப்பன் இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாத நாட்கள். ஒரே சேற்று மணமாம், ஆனால் ஊரை விட்டு வந்தபிறகு அன்றுதான் மீன்குழம்பு சாப்பிட்டதால் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்களாம். பிறகுதான் யாரோ கரையில் கண்டு, இங்கே அப்படிச் செய்வதில்லை என்று ஏசி, திரும்ப விடுகிற பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லாதையும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார், வெட்கம். ஆகவே மன்னிக்கிறதாக இருந்தால் அவர் முதலில் தன்னைத்தான் மன்னிக்கவேண்டும். உன்மேல் கோபப்பட அந்த மனிதரிடம் எதுவும் இல்லை. தூண்டிலைக் கொடுப்பதென்றால் கொடு, உனக்குக் குளத்தில் ஆசை விட்டுப்போனால் நான் மறிக்கவில்லை. உன் கை பாவம் செய்த கை என்று நினைத்துக்கொண்டு மட்டும் கொடுக்காதே. அவர் அந்தக் கையைப் பற்றி என்ன சொன்னார் என்று மேலே எழுதியிருக்கிறேன், திரும்ப வாசி.

இன்னும் ஒன்று இருக்கிறது, அக்காவுக்கும் தெரியாது. அன்று நீ போன பிறகு வாழையிலைத் துண்டுகளைக் கொட்டப் பின்வளவுக்குப் போனேன். வேலிக்கரையில், மழை படாத இடமாகப் பார்த்து, துவாயால் தலை வரை மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாய். அதைக் கண்டதும் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது, ஆனால் நீ பார்த்த பார்வை மனதில் நின்றதால் உன்னிடம் இதைச் சொல்லாமலே விட்டேன். வெளிச்சாப்பாட்டுக்காரர் வந்து கறிச்சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார், என்னை ஒருவரும் தேடவில்லை. கொட்டிலில் மீன் பொரிக்கிற காஸ் அடுப்பு இருக்கிறதல்லவா, அங்கேயே வைத்து வெட்டினேன். அந்தச் செதிலோடும் முள்ளோடும் நான் பட்ட பாடு. மஞ்சளும் உப்பும் பிரட்டி, தேசிக்காய்ப் புளி பிழிந்துவிட்டு ஊறவைத்து, பழப்புளி கூடப் போட்டுக் குழம்பு வைத்தேன். பின்னேரம் படைக்கும்போது இலையில் அதைத்தான் முதலில் வைத்தேன். விளைமீன் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமிகூட, “நல்ல மீன்தான் கிடைச்சிருக்கு” என்றார்.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பியபின் படைத்த இலையை எடுத்துக்கொண்டு இந்த மேசையில்தான் இருந்தேன். ஒவ்வொரு முள்ளாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். சேற்று மணம் இருந்தது, உப்பும் கொஞ்சம் காணாது. ஒரு துண்டு மிச்சம் விடவில்லை, சட்டியைச் சோறு போட்டுப் பிரட்டியும் சாப்பிட்டேன். அப்பா போனபிறகு அன்றுதான், தம்பி, எனக்கு வயிறு நிறைந்தது.

அம்மா